இரண்டு குதிகால் தட்டு

ரோவீனா டாக்கெட்டின் பூட்ஸில் வலது கால் மட்டும்தான் தேயும். இடது பூட்ஸ் ஐந்து வருடம் ஆனாலும் கடையில் வாங்கிய மாதிரியே இருக்கும். வலது குதிகாலுக்கோ வருடத்துக்கு இரண்டு தடவை புதுத் தோல் அடிக்கவேண்டும். ஃபிடிலைத் தோளில் வைத்து வில்லைத் தூக்கியதும் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். டக், டக். அப்புறம்தான் வில் கம்பியில் இறங்கும். தட்டாமல் அவளுக்கு வாசிக்க வராது. நாங்கள் கேலி செய்து பார்த்தோம், பந்தயம் கட்டிப் பார்த்தோம், ஒருமுறை பூட்ஸையே ஒளித்துவைத்தோம். வெறுங்காலால் தட்டினாள்.

அந்தப் பழக்கம் அவள் அண்ணன் கார்வினால் வந்தது. ஓக்லஹோமாவில் எங்கள் ஊர்ச் சர்ச்சில் அவன் மாண்டலின் வாசித்தான், இவள் ஃபிடில். அவனுக்குப் பொறுமை என்பதே கிடையாது. பாஸ்டர் பாட்டின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஆரம்பித்துவிடுவான். ஒன்பது வயது ரோவீனா, ‘நான் தட்டுற வரைக்கும் கைய வைக்காதே’ என்று சட்டம் போட்டாள். அவள் குதிகாலுக்கு மட்டும் அவன் அடங்கினான். வேறு யாருக்கும் அடங்கவில்லை என்பதால்தான், வலி மாத்திரைக்கு அடிமையாகி, ஒரு மருந்துக்கடைக்குள் துப்பாக்கியோடு போய், இருபது வருடத்துக்கு உள்ளே போனான்.

நான் வெண்டல். ரெட் கல்லி இசைக்குழுவில் கிட்டார். பாடுகிற மார்லா என் சித்தப்பா மகள். ரோவீனா ஃபிடில் வாசிப்பாள், வேன் ஓட்டுவாள், வேன் நின்றுபோனால் ரிப்பேரும் பார்ப்பாள். ஒன்பது வருடம் நாய் படாத பாடு பட்டோம். கவுன்ட்டி திருவிழாவில் பன்றிப் பந்தயத்துக்கும் டிராக்டர் இழுப்புக்கும் நடுவே அரை மணி நேரம் கிடைக்கும். காளையையும் குதிரையையும் அடக்கிக் காட்டுகிற ரோடியோவில் குதிரை லத்தியை அள்ளிமுடிக்கும்வரை வாசிக்கச் சொல்வார்கள். வேனில் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு ஒரு பிளைவுட் பலகையைப் போட்டிருந்தோம். மெத்தை அதன்மேல். முறைவைத்துத் தூங்குவோம்.

தொண்ணூற்றேழில் ‘தண்ணி வடியட்டும்’ என்ற பாட்டை மார்லா எழுதினாள். வெள்ளத்தில் வீட்டைவிட்டுப் போனவனுக்காகக் கரையில் காத்திருக்கிற பெண்ணின் பாட்டு. வரிகள் மார்லாவுடையவை. ஆனால் பாட்டைத் தொடங்குவது ரோவீனாவின் ஃபிடில். அந்த முதல் எட்டு அடிக்கே ஜனங்கள் பீர் குவளையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் கோடையில் கன்ட்ரி இசைக்குப் பேர்போன நாஷ்வில்லிலிருந்து ஒரு ரெக்கார்டு கம்பெனிக்காரர் துல்சாவுக்கு வந்து கேட்டார். அடுத்த மாதமே ஒப்பந்தம் வந்தது. கையெழுத்துக்கு இரண்டு பேர்தான்: மார்லா, நான். மற்றவர்கள் கூட வாசிப்பவர்கள், அவ்வளவுதான்.

எங்கள் டிரம்மர் அன்றைக்கே கோபித்துக்கொண்டு போய்விட்டான். ரோவீனா போகவில்லை. அவளுக்கு அப்போது ஒரே ஒரு விஷயம்தான் தெரியவேண்டியிருந்தது.

“வெண்டல், ரெக்கார்டுல என் வாசிப்பு இருக்குமில்ல?”

“பைத்தியமா உனக்கு? பாட்டு ஆரம்பிக்கிறதே நீதான். உன்னை விட்டுட்டு எவன் ரெக்கார்டு பண்ணுவான்?”

யாரையும் கேட்காமல் சொன்னேன். பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம்போல இருக்கிறது.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. கார்வினுக்கு ஈரல் கெட்டுப்போயிருந்தது. சிறை டாக்டர் வசந்தம்வரை தாங்கினால் பெரிது என்று சொல்லிவிட்டார். சாகப்போகிறவனை வீட்டுக்கு விடச்சொல்லி இவள் மூன்று மனு போட்டாள், மூன்றும் திரும்பி வந்தன. பார்க்கப் போகலாம், ஆனால் ஃபிடிலை உள்ளே விடமாட்டார்கள். ஃபோனில் ஒருமுறை வாசித்துக் காட்டினாள். ‘கொசு கத்துற மாதிரி இருக்கு, விடு’ என்றான். அவனிடம் இருந்தது ஒரு சின்ன ரேடியோ. உள்ளே எதையும் ஒளித்துவைக்கக்கூடாது என்பதற்காகக் கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக்கில் செய்து சிறையில் விற்பது. காதில் வயர் மாட்டித்தான் கேட்கவேண்டும். தங்கச்சி ரேடியோவில் வரப்போகிறாள் என்று அவன் தன் சிறையறை வரிசையில் இருந்த அத்தனை பேரிடமும் சொல்லிவைத்துவிட்டான்.

நாஷ்வில்லில் ஒரு வழக்கம் உண்டு. ஊர் ஊராகப் போய் வாசித்தவர்கள் ரெக்கார்டில் வாசிக்கமாட்டார்கள். ரெக்கார்டுக்கு என்றே தனி ஆட்கள் இருக்கிறார்கள். காலையில் ஒருவர் பாட்டுக்கு, மத்தியானம் இன்னொருவர் பாட்டுக்கு. பிசிறில்லாமல் வாசித்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார்கள். அங்கே இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. யாரும் முன்கூட்டிச் சொல்வதும் இல்லை.

ஸ்டூடியோவில் நரைத்த தலையோடு ஒரு ஃபிடில்காரர் உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர். “பொண்ணே, அந்த ஆரம்பத்தக் கொஞ்சம் காட்டேன்” என்றார். மற்றவர்கள் சேர்ந்து வாசிக்கத் தோதாக எழுதிக்கொள்கிறார் என்று ரோவீனா நினைத்தாள். சந்தோஷமாக மூன்று தடவை வாசித்துக் காட்டினாள். வில்லை எங்கே அழுத்துவது, எந்த விரலை வழுக்கவிடுவது, எங்கே மூச்சு விடுவது, எல்லாம். அவர் காகிதத்தில் எண்களாக எழுதிக்கொண்டார். நான்காவது தடவை அவர் வாசித்தார். அப்படியே இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவளுடையதைவிடச் சுத்தமாக இருந்தது.

தயாரிப்பாளர், “ரொம்ப நன்றிம்மா, வெளிய காபி இருக்கு” என்றார்.

கதவு சாத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் ஃபிடிலை அணைத்தபடி நின்றாள். என்னைத்தான் பார்த்தாள். நான் கிட்டாரைச் சுருதி சேர்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

அக்டோபரில் பாட்டு ரேடியோவுக்கு வந்தது. தரவரிசைப் பட்டியலில் ஐம்பத்தெட்டாம் இடத்தில் நுழைந்து மெல்ல மெல்ல ஏறியது. நவம்பரில் ஒருநாள் பெட்ரோல் பங்க்கில் நின்றுகொண்டிருந்தபோது கார்வின் அழைத்தான். அந்த வருடம்தான் அவள் கைத்தொலைபேசி வாங்கியிருந்தாள், அவனுக்காகவே. நான் பக்கத்தில் நின்றேன். அவன் குரல் எனக்கும் கேட்டது.

“கேட்டேன் ரோ. நல்லா இருக்குடி. இங்க எல்லாப் பயலும் கேட்டான். ஆமா, வாசிக்கிறது யாரு?”

“நான்தான். வேற யாரு?”

“குதிகால் எங்க?”

“தரையில கம்பளம் போட்டிருந்தாங்க.”

 இன்னும் ஒரு நிமிடம்தான் என்று பதிவு செய்த குரல் நடுவில் சொல்லிவிட்டுப் போனது.

“இங்க எல்லார்கிட்டயும் நீதான்னு சொல்லிட்டேன். இனிமேலும் அப்படித்தான் சொல்லுவேன். என்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லு. அது நீயா?”

“இல்ல” என்றாள்.

“நினைச்சேன். அந்தாளு தப்பே பண்ணல. நீ எங்கயாவது ஒரு இடத்துல தப்புப் பண்ணுவ.” சிரித்தான். சிரிப்பு இருமலாகி அடங்க நேரமாயிற்று. “ஒரு தடவை வந்துடு ரோ. ரேடியோல. ஒரே ஒரு தடவை. எனக்கு ரொம்ப நாள் இல்ல.”

லைன் துண்டித்துக்கொண்டது. அவள் ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு பெட்ரோல் போட்டு முடித்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு அது ஒன்றுதான் வேலை. மார்லாவிடம் கேட்டாள். மார்லா கெட்டவள் இல்லை, பயந்தவள். கம்பெனி எங்களை ரேடியோ நிலையம் நிலையமாக அனுப்பிக்கொண்டிருந்தது. காலை ஏழு மணிக்கு ஏதாவது ஒரு கூட்ட அறையில் பாட்டுகளைத் தேர்வு செய்கிறவர் ரொட்டியும் கிரேவியும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், அவர் முன்னால் மார்லா நின்று பாடவேண்டும். அவருக்குப் பிடித்தால் பாட்டு போடுவார். கம்பெனியின் கணக்கு இரண்டு பேர், ஒரு கிட்டார். ஃபிடிலுக்கு இடமில்லை. ரோவீனா எங்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வேனில் உட்கார்ந்திருப்பாள். சிறையில் கார்வின் இருந்த வரிசையில் தெளிவாகக் கேட்கிற ஒரே கன்ட்ரி நிலையம் ப்ரையர் பெண்ட் என்ற சின்ன ஊரில் இருந்தது. அவ்வளவு சின்ன நிலையம் எத்தனை தடவை பாட்டைப் போட்டாலும் தரவரிசைக் கணக்கில் சேராது. அதனால் கம்பெனி எங்களை அங்கே அனுப்பப் போவதே இல்லை.

பிப்ரவரியில் பாட்டு பதினான்காம் இடத்தில் நின்றுவிட்டது. இரண்டு வாரம் அசையவில்லை. நின்ற பாட்டை ரேடியோக்காரர்கள் ஓசைப்படாமல் தூக்கிவிடுவார்கள்.  லிட்டில் ராக்கில் இரண்டு பெரிய நிலையத்து ஆட்களுக்குக் கம்பெனி விருந்து ஏற்பாடு செய்தது. ஐந்தரை மணிக்கு இருக்கவேண்டும், தவறினால் அவ்வளவுதான் என்றார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் துல்சாவிலிருந்து கிளம்பினோம். வழியில் ரோவீனா திடீரென்று நெடுஞ்சாலையைவிட்டு வண்டியைத் தெற்கே இறக்கினாள்.

“எங்கடி போற?” என்றாள் மார்லா.

ரோவீனா வேகத்தைக் கூட்டினாள்.

“ரோ! திருப்பு வண்டிய. உன்னத்தான் கேக்கறேன், திருப்பு!”

“ஒரு பாட்டு, மார்லா. ஒரே ஒரு பாட்டு. வாசிச்சிட்டு உடனே கிளம்பிடலாம்.”

“என் ஒன்பது வருஷத்தையும் குழி தோண்டிப் பொதைக்கப் போறியா?”

“உன் ஒன்பது வருஷத்தை யாரு ஓட்டினது?” என்றாள் ரோவீனா. திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

மார்லா வாயை மூடிக்கொண்டாள். நானும்தான். எனக்கு அது பழகிப்போன வேலை.

ப்ரையர் பெண்ட் நிலையம் டயர் கடைக்குப் பக்கத்தில் ஒரு செங்கல் வீடு. ஆர்லிஸ் என்கிற ஒரே ஆள்தான் அங்கே எல்லாமும். எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த சாண்ட்விச்சைக் கீழே போட்டுவிட்டார். மூன்றரை ஆகியிருந்தது. மைக்கைப் பிடித்து, “யாரு வந்திருக்காங்க தெரியுமா? ரெட் கல்லி! நம்ம கட்டடத்துல! இன்னும் கொஞ்ச நேரத்துல பாடப் போறாங்க, யாரும் நகராதீங்க” என்றார். பிறகு மைக்கை மூடிவிட்டு எங்களிடம் திரும்பினார். “இப்ப மாட்டுச் சந்தை விலை. அப்புறம் மரண அறிவிப்பு. நாலு மணிக்கு நீங்க.”

ரோவீனாவின் முகம் வெளுத்தது. “நாலுக்கு வேணாம் சார். இப்பவே ஆரம்பிச்சிடறோமே.”

“மாட்டு விலைய நிறுத்தினா என்னை உதைக்க வருவானுங்கம்மா.”

“அப்ப மரண அறிவிப்பைப் பின்னால வெச்சுக்கலாமே சார்? உங்க கால்ல விழறேன்.”

“செத்தவன் காத்திருப்பான். அவன் பொண்டாட்டி காத்திருப்பாளா? சரி, வேகமாப் படிக்கிறேன். நாலுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே விட்டுடறேன், போதுமா?”

நான்கு மணி ஏன் ஆகாது என்று எங்களுக்கும் தெரியும். தினமும் நான்கு மணிக்குச் சிறையில் ஆள் எண்ணுவார்கள். அத்தனை பேரும் கதவுக்கு நேராக எழுந்து நிற்கவேண்டும். ரேடியோ அணைந்திருக்கவேண்டும். காதில் எதுவும் இருக்கக்கூடாது.

அவள் வெளியே ஓடினாள். வேனின் மெத்தையைத் தூக்கி எறிந்துவிட்டு அந்தப் பிளைவுட் பலகையை உருவி, தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வந்தாள். ஸ்டூடியோவில் கம்பளம் விரித்திருந்தது. பலகையை அதன்மேல் போட்டு ஏறி நின்றாள். ஃபிடிலைத் தோளில் வைத்தாள். இன்னொரு மைக்கைத் தன் காலுக்குப் பக்கத்தில் இறக்கச் சொன்னாள். ஆர்லிஸ் ஒன்றும் கேட்காமல் இறக்கினார்.

மாட்டு விலை மூன்று ஐம்பதுக்கு முடிந்தது. அந்த வாரம் அந்த ஊரில் சாவு அதிகம். ஏழு பேர். ஆர்லிஸ் வேகமாகத்தான் படித்தார், ஆனால் ஒவ்வொருவருக்கும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், எந்தச் சர்ச், எத்தனை மணிக்கு அடக்கம் என்று நீண்டுகொண்டே போனது. ஆறாவது ஆளுக்கு மட்டும் பதினோரு பேரன் பேத்தி. ஒவ்வொரு பெயராகச் சொன்னார். ரோவீனா சுவர்க் கடிகாரத்தையே பார்த்தாள்.  உதடு அசைந்தது. ஜெபமா வசவா தெரியவில்லை. எனக்கு அந்தக் காகிதத்தைப் பிடுங்கிக் கிழித்துப்போடவேண்டும்போல் இருந்தது. மூன்று ஐம்பத்தெட்டு. மூன்று ஐம்பத்தொன்பது. ஏழாவது ஆள் ஒரு கிழவி, நல்லவேளையாக அவளுக்கு யாருமே இல்லை.

“இதோ, ரெட் கல்லி” என்றார் ஆர்லிஸ். முள் நான்கைத் தொட்டுவிட்டிருந்தது.

டக், டக்.

அன்றைக்கு அவள் வாசித்ததை என்னால் சொல்லத் தெரியாது. இரண்டு இடத்தில் தப்புப் பண்ணினாள். நான் நுழையவேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். கோபத்தில் இருந்த மார்லா முதல் வரியைப் பாடும்போதே அழுதுவிட்டாள், அழுதுகொண்டே பாடி முடித்தாள். முடிந்ததும் ரோவீனா பலகைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். “நாலு ஆயிடுச்சு” என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். கையைப் பிடித்துத் தூக்கி வேனில் ஏற்றினோம். அன்றைக்கு முதல்முறையாக நான் வண்டி ஓட்டினேன்.

விருந்து முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் கம்பெனியிலிருந்து ஃபோன் வந்தது: அந்த ஃபிடில்காரி இனி வேண்டாம். சொல்லவேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்தது. சொன்னேன். “சரி” என்றாள். சாவியை என் கையில் கொடுத்தாள். “மூணாவது கியர் மாட்டிக்கும். கொஞ்சம் இழுத்து விடு” என்றாள். அவளுக்காக நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ஒப்பந்தத்தில் என் பெயரும் இருந்தது. பேசவில்லை.

அந்த விருந்து இல்லாமலே பாட்டு ஏறியது, அதுதான் கொடுமை. பதினொன்று, எட்டு, ஐந்து, மூன்று. மார்ச் மூன்றாம் வாரம் முதலிடம். நாஷ்வில்லில் கேக் வெட்டினார்கள், பேனர் கட்டினார்கள். நரைத்த ஃபிடில்காரரும் வந்திருந்தார். “அந்தப் பொண்ணு எங்க?” என்று என்னைக் கேட்டார். வரமுடியவில்லை என்றேன்.

கார்வின் அதற்கு இரண்டு நாள் முன்பு இறந்துபோயிருந்தான். அடக்கத்துக்குப் போனேன். அதே சர்ச். சாலையோரம் ரெட்பட் மரங்கள் அப்போதுதான் பூத்திருந்தன. சாப்பாட்டுக் கூடத்தில் பொரித்த வெண்டைக்காயும் பீன்ஸும் வைத்துக்கொண்டு ஊரே என் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னது. எங்கேயாவது ஓடிவிடலாம்போல இருந்தது. ரோவீனா தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, ஜன்னலோரம் இருந்த அட்டைப்பெட்டியைக் காட்டினாள். சிறையிலிருந்து வந்தது. உள்ளே இரண்டு சட்டை, மூக்குக்கண்ணாடி, அந்தக் கண்ணாடி ரேடியோ. ரேடியோவில் ஒரு துண்டுச் சீட்டைக் கட்டியிருந்தார்கள்: பறிமுதல், நாற்பத்தைந்து நாள், காரணம் எண்ணிக்கையின்போது காதில் வயர். திருப்பித் தரவேண்டிய தேதிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

“இதையும் படி” என்று ஏப்ரன் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். பிப்ரவரியில் எழுதியது. பென்சிலில், கோணல்மாணலாக.

‘ரோ, மூன்றரைக்கு அந்தாள் சொன்னதுமே எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மாட்டு விலை முழுக்கக் கேட்டேன். செத்தவர்கள் எல்லாரையும் கேட்டேன். மணி அடித்தது, எல்லாரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன், வயரைக் காலருக்குள் விட்டு ஒரு காதில் வைத்துக்கொண்டு. காவலர் நேரே என்னிடம் வந்தார். உன் குதிகால் இரண்டு தடவை கேட்டது. உடனே வயரைப் பிடுங்கிவிட்டார். மற்றதெல்லாம் எனக்குத் தெரியும், கேட்கவேண்டியதில்லை. நீ தட்டிவிட்டாய், நான் கையை வைத்தேன்.’

நான் படித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு கடிதத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மிச்சத் தட்டுகளைக் கழுவப் போனாள்.